சொல்லடைவில் திருத்திய பிழை திரும்பி வருவதேன்?

கேள்வி: கன்னியா வெந்நீரூற்றுகள் பற்றி வேர்டில் தட்டச்சிட்ட என் நூலின் சொல்லடைவில் (சொற்களுக்குப் பக்க எண் தரும் பட்டியலில்) ‘வெந்நீருற்று’ என்ற பிழையைத் திருத்தியும், புதுப்பித்ததும் அது திரும்பி வருகிறதே?
– வாசகர், திருகோணமலை

பதில்: இறுதியில் தெரியும் சொல்லடைவு வெறும் விளைவுதான், அதன் மூலக்குறிப்புகள் அந்தந்தப் பக்கத்தில், சொல்லை அடுத்து, மறைந்த எழுத்தாக இருக்கின்றன. கன்ட்ரோல், ஷிப்ட், 8 ஆகிய விசைகளை ஒன்றாக அழுத்தினால் ‘எக்ஸ்இ’ எனத் தொடங்கும் அக்குறிப்புகள் வெளிப்படும். மேற்கோள் குறிகளுக்குள் உள்ளதை மட்டும் திருத்துங்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் பழைய பிழை தனிப் பதிவாக வந்து நிற்கும். ‘கன்னியா:வெந்நீரூற்று’ என முக்காற்புள்ளி இட்டால் பின்னது முன்னதன் உட்பதிவாகும். மறைந்த எழுத்துகள் தெரியும்போது வரிகள் நீண்டு பக்கங்கள் நகர்ந்துவிடுவதால் (நானும் இதில் ஏமாந்தவன்தான்), அவற்றை மீண்டும் மறைத்த பிறகே சொல்லடைவில் சொடுக்கி எஃப்9 விசையை அழுத்துங்கள்.