400 டாலருக்குள் வீட்டுப் பாதுகாப்புக்கு நல்ல பழைய ரிவால்வர் கிடைக்குமா?

கேட்டவர் டெக்சாஸில் ஹூஸ்டன் புறநகரில் வாடகை வீட்டில் இருக்கிறார். கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டது. தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் திருட்டு நடந்திருக்கிறது. மனைவி, ஆறு வயதுப் பையன். துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லை. புதிதாக வாங்கக் காசு இல்லை, 400 டாலர்தான் ஒதுக்க முடியும் என்கிறார்.

துப்பாக்கி கிடைக்கும். ஆனால் துப்பாக்கிக்கு மட்டுமே 400 என்று கணக்குப் போடாதீர்கள். 350 டாலருக்கு ஒன்று அமைந்தால் உங்கள் ஊர் விற்பனை வரி 8.25 சதவீதம் சேர்ந்து 379 ஆகிவிடும். ஆன்லைனில் வாங்கினால் துப்பாக்கியை உங்கள் பெயருக்கு மாற்றித்தரும் உள்ளூர் டீலருக்குக் கட்டணம் தனி. அதற்கு மேல் ஒரு பூட்டுப் பெட்டி, பழகுவதற்குத் தோட்டா, வீட்டில் வைக்க நல்ல தோட்டா. எல்லாம் சேர்த்து 500-ஐத் தொடும். கையில் 400தான் என்றால் ஒரு மாதம் பொறுங்கள், அல்லது கீழே சொல்லும் மலிவான மாடலுக்குப் போங்கள். பூட்டுப் பெட்டியை மட்டும் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்காதீர்கள். ஆறு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் பெட்டி முதலில் வர வேண்டும், துப்பாக்கி அதன் பிறகு.

நான் சொல்வது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. நான்கு அங்குலக் குழல், ஆறு தோட்டா, தோட்டா வகை .38 ஸ்பெஷல். இதையே துருப்பிடிக்காத எஃகில் செய்தால் அது மாடல் 64. 1899-ல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற பெயரில் வந்த துப்பாக்கி இது. 1957-ல்தான் மாடல் எண் கிடைத்தது. அறுபது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பல தலைமுறைப் போலீஸ்காரர்கள் இடுப்பில் தொங்கியது இதுதான்.

மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் அதுவே. 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ இரண்டு ஏஜெண்டுகளை இழந்தது. அங்கிருந்த ஏஜெண்டுகளில் பெரும்பாலானோர் கையில் ரிவால்வர். அதன் பிறகு எஃப்பிஐ அரைத்தானியங்கிப் பிஸ்டலுக்கு மாறியது, நாடு முழுவதும் போலீஸ் இலாகாக்களும் மாறின, நியூயார்க் போலீஸ் 1993-ல் 9 மில்லிமீட்டருக்கு வந்தது. பழைய ரிவால்வர்களையெல்லாம் டீலர்களிடம் கொடுத்துப் புதியவற்றை வாங்கினார்கள். சிறைத்துறையிலிருந்தும் தனியார் காவல் நிறுவனங்களிலிருந்தும் இப்படி வந்தவை உண்டு. கடையில் 'போலீஸ் ட்ரேட்-இன்' என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள்.

இந்த ட்ரேட்-இன்களில் எனக்குப் பிடித்த விஷயம், இவை வெகுவாகச் சுமக்கப்பட்டவை, கொஞ்சமாகச் சுடப்பட்டவை. வருடக்கணக்கில் தோல் உறைக்குள் போய்வந்ததில் குழல் நுனியிலும், தோட்டா நிற்கும் சுழல் உருளையான சிலிண்டரின் விளிம்பிலும் கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளையாகத் தெரியும். மரப்பிடியில் கார் கதவில் இடித்த வடு இருக்கும். சேகரிப்பாளர்கள் இதைத் தொட மாட்டார்கள், அதனால்தான் விலை இறங்குகிறது. உள்ளே திறந்து பார்த்தால் பல நேரங்களில் யந்திரம் புத்தம்புதிதாக இருக்கும். சமீப ஆண்டுகளில் நான் பார்த்த வரையில், தோற்றம் மங்கிய மாடல் 10 முன்னூறிலிருந்து நானூற்றைம்பது டாலருக்குள் கைமாறுகிறது. 1982-க்கு முந்தையது, குழலைச் சட்டகத்தோடு ஆணி அடித்துப் பொருத்தியது என்றெல்லாம் சொல்லி விற்பவர் கூடுதலாகக் கேட்பார். சேகரிப்பவருக்கு அது முக்கியம், உங்களுக்கு அதற்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

கடைக்காரர் உங்களிடம் நிச்சயமாக ஒரு குட்டை ரிவால்வரை நீட்டுவார். ஐந்து தோட்டா, இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான குழல், பாக்கெட்டில் போடலாம் என்பார். வாங்காதீர்கள். அது மறைத்து எடுத்துச் செல்வதற்காகச் செய்தது. எடை குறைவாக இருப்பதால் உதை கையைப் பிய்க்கும், குறிமுனைகள் நெருக்கமாக இருப்பதால் சிறு பிசகும் பெரிதாகும். பழகியவர்களே அதில் திணறுவார்கள். வீட்டு அலமாரியில் இருக்கப்போகும் துப்பாக்கியைப் பாக்கெட்டில் திணிக்க வேண்டியதில்லையே. நான்கு அங்குலக் குழலும் முழு எஃகு எடையும் புதியவருக்குச் செய்யும் உதவி பெரிது. ட்ரிக்கர் கனமாகத்தான் இருக்கும், ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு பவுண்டு இழுவை. அதற்கு விரல் பழக வேண்டும், வேறு வழியில்லை.

இனி, துப்பாக்கி கையில் வந்ததும் எப்படிப் பார்ப்பது. முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாவை அடிக்கும் சுத்தியான ஹேமரை இழுத்துப் பார்க்கலாமா, ட்ரிக்கரை அழுத்தலாமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்காமல் செய்வது மரியாதையில்லை. குழல் எப்போதும் ஆளில்லாத பக்கம்.

சிலிண்டரை மூடி, கட்டைவிரலால் அதன் மேல் லேசாகத் தடை கொடுத்துக்கொண்டு ஹேமரை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் நின்று பிடிக்கும் முன்பே, அல்லது அதே கணத்தில், சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஓர் அறையில் ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டவில்லை என்றால் டைமிங் போய்விட்டது என்று அர்த்தம். தோட்டா குழலுக்கு நேராக நிற்காது, ஈயத்தைச் சீவித் துப்பும். சரிசெய்ய ஆகும் செலவு நீங்கள் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். ஹேமர் பின்னால் நிற்கும்போது கட்டைவிரலால் அதை முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். நழுவி விழுந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

பிறகு ட்ரிக்கரை முழுதாக அழுத்திப் பிடித்தபடியே சிலிண்டரை ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி அசைவு இருந்தால் பரவாயில்லை. முன்னும் பின்னுமாக நகர்வது தெளிவாகத் தெரிந்தால் தேய்மானம். சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். கார் உதிரிபாகக் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் ஃபீலர் கேஜ் இருந்தால் அளந்தே விடலாம். அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கிலிருந்து எட்டு வரை நல்லது, பன்னிரண்டைத் தாண்டினால் வேண்டாம். காலிக் கூடுகளை வெளியேற்றும் தண்டு வளைந்திருக்கிறதா என்று சிலிண்டரைச் சுழற்றிப் பாருங்கள், வளைந்திருந்தால் தள்ளாடும். கடைசியாகக் குழலுக்குள் ஒரு சின்ன டார்ச். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ தெரியாதவர் உள்ளே கை வைத்திருக்கிறார்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிலேயே, .38-ஐவிட வலுவான .357 மேக்னம் தோட்டாவுக்கான மாடல் 13, 65 வகைகளும் அதே உடம்புதான், .38 தோட்டாவும் போடும். அவற்றில் குழலின் பின்முனைக்கு அடிப்பக்கம் மெலிந்திருக்கும். வேகமான 125 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) மேக்னம் தோட்டாவை நிறையச் சுட்டிருந்தால் அங்கே விரிசல் விழும். சிலிண்டரைத் திறந்து, ஆறு மணி முள் நிற்கும் இடத்தைக் கவனமாகப் பாருங்கள்.

மற்ற பெயர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரூகரின் செக்யூரிட்டி-சிக்ஸ், 1972 முதல் 1988 வரை செய்தது, இரும்புத்தூண் போல இருக்கும், ஆனால் இப்போது உங்கள் விலைக்கு மேலே போய்விட்டது. பழைய கோல்ட் அழகானது. சேகரிப்பாளர் விலை வேறு, பழுது பார்க்கத் தெரிந்தவரும் குறைவு. மலிவாக வேண்டுமானால் பிரேசிலின் டாரஸ் மாடல் 82, அல்லது பிலிப்பைன்ஸில் மரிகினாவில் தயாராகும் ஆர்ம்ஸ்கோர் எம்200. இரண்டும் நான்கு அங்குலம், ஆறு தோட்டா, .38 ஸ்பெஷல். மெருகு இருக்காது. நூறு டாலர் மிச்சமாகி அது பெட்டிக்கும் பயிற்சிக்கும் போகுமென்றால் நான் தயங்காமல் எம்200-ஐச் சொல்வேன்.

நூறு டாலருக்கு ஒன்று கண்ணில் பட்டால் பெரும்பாலும் தொடக்கூடாத வகைதான். நடுவில் முறித்துத் திறக்கும் ஐவர் ஜான்சன், பழைய எச்அண்ட்ஆர் எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தைய சங்கதி. அவற்றில் பல '.38 எஸ்அண்ட்டபிள்யூ' தோட்டாவுக்கானவை. அது .38 ஸ்பெஷல் அல்ல, குட்டையும் தடிமனுமான வேறு தோட்டா. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்குப் போன 'விக்டரி' ரிவால்வர்களும் அந்தத் தோட்டாவுக்குத்தான். பிற்பாடு சிலர் அறையைத் துளைத்து நீட்டி ஸ்பெஷலாக மாற்றினார்கள், அவற்றில் சுட்டால் தோட்டாக்கூடு உப்பிப் பிளக்கும். 'ஆர்ஜி' என்று பொறித்த ஜிங்க் சட்டகத் துப்பாக்கிகளும் வேண்டாம். 1981-ல் ரீகனைச் சுட்டது அந்த வகையில் ஒன்று, ஆர்ஜி-14.

வாங்கும் முறையைப் பற்றி. டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது முடிந்திருக்க வேண்டும், படிவம் 4473 நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். கிரீன் கார்டு போதும், அதிலுள்ள ஏ-எண்ணைக் கேட்பார்கள், இப்போதைய முகவரியோடு டெக்சாஸ் ஓட்டுநர் உரிமமும் வேண்டும். மாநில அளவில் தனி அனுமதி தேவையில்லை. நியூஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா, இல்லினாய்ஸ் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள், அங்கே அனுமதிச்சீட்டும் காத்திருப்பும் வேறு. கன்புரோக்கர் போன்ற தளத்தில் வேறு மாநிலத்திலிருந்து வாங்கினால் உரிமம் பெற்ற உள்ளூர் டீலருக்குத்தான் வந்து சேரும், அங்கே அதே படிவம். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்று பணம் கட்டும் முன் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டெக்சாஸில் தனியாரிடம் நேரே வாங்குவது சட்டப்படி சரிதான். இருந்தாலும் டீலர் வழியாகவே மாற்றிக்கொள்ளுங்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு காகிதம் இருக்கும். வாடகை வீடு என்பது பிரச்சினையில்லை, 2019 முதல் டெக்சாஸில் வீட்டுக்காரர் குத்தகை ஒப்பந்தத்தில் துப்பாக்கியைத் தடை செய்ய முடியாது.

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு, "முப்பது டாலருக்கு வேட்டை லைசென்ஸ் எடு, முடிந்தது வேலை" என்று நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் சொல்வது இதை வைத்துத்தான். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த வழியில் இறங்காதீர்கள். தவறினால் அது கடுங்குற்றம், நாடு கடத்தவும் காரணமாகும். பச்சை அட்டை உள்ள நண்பர் உங்களுக்காகத் தன் பெயரில் வாங்கித் தருவது இன்னும் மோசம், 2022 சட்டப்படி பதினைந்து ஆண்டுவரை சிறை. கேள்வி கேட்டவருக்கும் ஒன்று: உங்கள் மனைவி இன்னும் இப்படியொரு விசாவில் இருந்தால் பெட்டியின் எண் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

பெட்டி என்று சொல்லும்போது எண்பொத்தான் வைத்த எஃகுப் பெட்டியைச் சொல்கிறேன், இருட்டில் விரலாலேயே திறக்கலாம். கட்டில் காலிலோ அலமாரியிலோ திருகி மாட்டுங்கள். கைரேகைப் பூட்டு மலிவு விலையில் வருவது நம்பத்தக்கதில்லை. பல காவல் நிலையங்களில் பிராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டத்தில் இலவசக் கம்பிப்பூட்டு கொடுக்கிறார்கள், போய் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கும் வீடுகளில், துப்பாக்கி இல்லாத வீட்டைவிட அது உள்ள வீட்டில் ஆபத்து கூடுதல் என்பதை மறைக்காமல் பேசிக்கொள்ள வேண்டும். டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை விடுவது தனிக் குற்றம். இன்னொன்று, இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. 2021-ல் 48,830 சாவுகளில் 26,328. வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் இந்த வருடம் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும், கதவுநிலையில் நீளத் திருகும், வாசலுக்கு விளக்கும் போடுங்கள். உண்மையில் துப்பாக்கி வாங்குவதாக இருந்தாலும் இவற்றை முதலில் செய்யச் சொல்வேன். ஆளில்லாத வீட்டில் நடக்கும் திருட்டை ரிவால்வர் தடுக்காது, அதுவும் சேர்ந்து திருட்டுப்போகும்.

வாங்கும் முன் ஒரு சுடுதளத்துக்குப் போய் வாடகைக்கு .38 எடுத்துச் சுட்டுப் பாருங்கள், ஒரு அடிப்படை வகுப்பும் முடியுங்கள், மனைவி விரும்பினால், சட்டம் அனுமதித்தால், அவரும். .38 தோட்டா 9 மில்லிமீட்டரைவிட விலை அதிகம், துப்பாக்கியில் மிச்சம் பிடித்தது இங்கே கரையும். அதனால் வீட்டில் வெற்றுப் பயிற்சி செய்யுங்கள். தோட்டா வேறு அறையில் பூட்டியிருக்க, போலித் தோட்டா போட்டு ட்ரிக்கரை மெல்ல இழுத்துப் பழகினாலே குறி நிற்கும். வீட்டில் வைக்க ஸ்பியர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் +பி (சாதாரணத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டா) நல்லது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 என்றால், சிலிண்டரைத் திறந்தால் துப்பாக்கியின் சட்டகத்தில் மாடல் எண் பொறித்திருக்கும், பொறித்திருந்தால் +பி போடலாம். எண் இல்லை என்றால் அது 1957-க்கு முந்தையது, சாதாரண .38 மட்டும் போடுங்கள். உதை தாங்க முடியாதவருக்கு 148 கிரெய்ன் வாட்கட்டர், அதாவது உதை குறைந்த தட்டைமுனைத் தோட்டா. இங்குள்ள வீடுகளின் ஜிப்சம் சுவரை இவை எல்லாமே துளைக்கும், பையன் படுக்கும் அறை எந்தப் பக்கம் என்று பகலிலேயே நின்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஏதாவது பார்த்துவிட்டுச் சந்தேகம் வந்தால், சிலிண்டர் இடைவெளியும் குழலின் பின்முனையும் தெரியும்படி படம் எடுத்து, வரிசை எண்ணை மறைத்துவிட்டு, கீழே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.