கால்ச்சிசின் மாத்திரைக்குப் பதிலாகக் கண்வலிக்கிழங்குப் பொடி சாப்பிடலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எங்களுக்குக் கண்வலிக்கிழங்குத் தோட்டம் இருக்கிறது. அப்பாவுக்கு வயது 61. யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் அடிக்கடி வீங்கிவிடுகிறது. டாக்டர் கால்ச்சிசின் 0.5 மி.கி. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கிரியாட்டினின் 1.7. 'இந்த மாத்திரையே நம்ம தோட்டத்து விதையிலிருந்துதான் எடுக்கிறார்கள், இதற்கு எதுக்குக் காசு?' என்கிறார் சித்தப்பா. அவர் தன் மூட்டுவலிக்குக் கிழங்கை மோரில் ஊறவைத்து, காயவைத்து, பொடியாக்கி இரண்டு நாளாகச் சாப்பிட்டு வருகிறார். நேற்றிலிருந்து பேதியாகிறது, கெட்ட நீர் வெளியேறுகிறது என்று சந்தோஷப்படுகிறார். அப்பாவும் இந்தப் பொடியைச் சாப்பிடலாமா? இன்னொன்று: பேனுக்கு இதன் இலைச் சாற்றைத் தலையில் தேய்க்கலாம் என்கிறார்களே, சரியா?

மருத்துவர் பதில்: அப்பாவைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் சித்தப்பாவை இன்றே அரசு மருத்துவமனைக்கோ, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள வேறு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். மீதிப் பொடியையும் ஒரு கிழங்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பேதி நின்றுவிட்டது, தெம்பாக இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவருக்கு வெளியேறுவது கெட்ட நீர் இல்லை. கிழங்கிலும் இருக்கும் அதே கால்ச்சிசின் நஞ்சாகிக் குடலைத் தாக்கியதன் முதல் அடையாளம் அது. நம் உடலில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் உருவாகி, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துப் பங்கு வைக்கும். அந்த இழைகளை உருவாகவிடாமல் தடுப்பதுதான் கால்ச்சிசினின் வேலை. அதனால் ஓயாமல் செல் பிரிந்துகொண்டிருக்கும் இடங்கள்தான் முதலில் அடி வாங்கும்: குடலின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். குடல் சில மணி நேரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். வாந்தி, வயிற்றுவலி, தண்ணீர் தண்ணீராகப் பேதி. பிறகு கொஞ்சம் தணிந்ததுபோல இருக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அடுத்த சில நாட்களில் ரத்த வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரியலாம், சிறுநீரகம் தடுமாறலாம், தசை சிதையலாம், இதயத் துடிப்பு பிசகலாம். இதைத் தாண்டி வருபவர்களுக்கும் இரண்டு வாரம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். இந்தக் கிழங்கால் உடல் முடி மொத்தமும் உதிர்ந்த ஒரு இளம்பெண்ணைப் பற்றி இலங்கையிலிருந்து 1966-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அந்த முடி பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். மற்ற உறுப்புகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

மருத்துவமனைகளில் இதற்கென்று கையிருப்பில் முறிமருந்து எதுவும் கிடையாது. டயாலிசிஸ் செய்தாலும் கால்ச்சிசின் பெரிதாக வெளியேறாது, ஏனென்றால் அது ரத்தத்தில் தங்காமல் திசுக்களுக்குள் போய்விடுகிறது. சீக்கிரம் வந்தால் மருத்துவத்துக்கென்றே தயாரித்த கரித்தூள் கொடுத்துக் குடலில் மிச்சமிருப்பதைப் பிடிக்கலாம். அதன் பின், நீர்ச்சத்தை ஈடுகட்டி, ரத்த அணுக்களையும் சிறுநீரகத்தையும் தினமும் பார்த்து, உறுப்புகளைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதனால்தான் இன்றே போகச் சொல்கிறேன்.

இனி சித்தப்பா கேட்ட கேள்வி. அவர் சொன்ன செய்தி உண்மைதான். ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரத்தில் விளையும் கண்வலி விதை கால்ச்சிசின் எடுப்பதற்காகவே ஏற்றுமதியாகிறது. ஆனால் அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு நேர் தலைகீழ். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், ஒவ்வொரு மாத்திரையிலும் அதே அரை மில்லிகிராம். பச்சைக் கிழங்கில் 10 கிராமுக்குச் சுமார் 6 மில்லிகிராம் இருக்கலாம் என்பது மருத்துவக் கட்டுரைகளில் வரும் கணக்கு. அதாவது, பன்னிரண்டு மாத்திரை. இதுவும் எல்லாக் கிழங்குக்கும் பொருந்தாது. மண், பருவம், கிழங்கின் வயதைப் பொறுத்துக் கூடும், குறையும். காய்ந்த பொடியில் எடைக்கு எடை இன்னும் அதிகம். ஒரு சிட்டிகைப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. பல மருந்துகளில் கொஞ்சம் கூடினாலும் உடல் சமாளித்துக்கொள்ளும். கால்ச்சிசினில் வலியைத் தணிக்கும் அளவுக்கும் ஆளைப் படுக்கவைக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு.

வேகவைத்தால் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகாது. கொதிக்கவைத்தாலும் காயவைத்தாலும் கால்ச்சிசின் தாங்கும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள், இலங்கையிலும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் இதே கால்ச்சிசின் வேறொரு செடியில் இருக்கிறது. காட்டுப்பூண்டுக் கீரை என்று அதன் இலையைப் பறித்துச் சமைத்து அங்கேயும் ஆட்கள் இறக்கிறார்கள்.

மோரில் ஊறவைப்பது சித்த மருத்துவத்தில் நச்சை நீக்கும் சுத்தி முறையாயிற்றே என்பார் சித்தப்பா. அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரபே இதை நஞ்சு என்றுதான் வைத்திருக்கிறது. மருந்துச் சட்டத்தில் சித்த மருந்துகளுக்கான நச்சுப் பொருள் பட்டியலில் எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம், ஊமத்தை இவற்றோடு கலப்பைக்கிழங்கும் இருக்கிறது. நம் கண்வலிக்கிழங்குதான் அது. பட்டதாரி சித்த மருத்துவர் யாரும் உங்கள் சித்தப்பா செய்ததுபோலச் செய்து சாப்பிடச் சொல்ல மாட்டார்.

உங்கள் அப்பா இந்தப் பொடியைத் தொடவே கூடாது. மற்றவர்களைவிட அவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். கிரியாட்டினின் 1.7 என்றால் சிறுநீரகம் ஏற்கெனவே மெதுவாகத்தான் வேலை செய்கிறது. கால்ச்சிசின் உடலிலேயே தேங்கும். மாத்திரையைக்கூட டாக்டர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒன்றும் கூடாது. அதைச் சாப்பிடும்போது பேதி ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். சளி, காய்ச்சலுக்கு வேறு டாக்டரைப் பார்த்தால், கால்ச்சிசின் சாப்பிடுவதை அவசியம் சொல்ல வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ரத்தத்தில் கால்ச்சிசின் எகிறிவிடும். ரத்த அழுத்தத்துக்கு வெரபமில், டில்டியாசெம் சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கால்ச்சிசின் வீக்கத்தைத்தான் தணிக்கும், யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அடிக்கடி வீங்குகிறது என்பதால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து தேவையா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

தோட்டம் வைத்திருப்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன். பூத்திருக்கும்போது இந்தக் கொடியை யாரும் தவறவிட மாட்டார்கள். நம் மாநில மலர் ஆயிற்றே. பூ இல்லாதபோது இலை நுனியைப் பாருங்கள். நுனி நீண்டு, கம்பியாகச் சுருண்டு, பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொண்டிருக்கும். வள்ளிக்கொடியில் அப்படி இருக்காது. ஆனால் கொடி காய்ந்து விழுந்தபின் மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும், அப்போதுதான் ஆள் ஏமாறுவது. விதைக்கிழங்கைச் சமையலறைக் கிழங்குகள் இருக்கும் பக்கமே வைக்காதீர்கள். காய் வெடித்ததும் விதைகள் செக்கச்செவேல் என்று இருக்கும், குழந்தைகள் வாயில் போடுவார்கள். உலர்த்தும் களத்தில் அவர்களை விளையாடவிட வேண்டாம். உரிப்பவர்கள் கையுறை போட்டு, சாப்பிடும் முன் சோப்பால் கை கழுவட்டும்.

பேனுக்கு இலைச்சாறு வேண்டாம். சொறிந்து சொறிந்து புண்ணான தலையில் தேய்த்தால் சாறு உடம்பில் ஏறக்கூடும்; வழிந்து கண்ணிலும் வாயிலும் இறங்கும். மருந்துக்கடையில் பெர்மெத்ரின் லோஷன் கேட்டு வாங்கித் தடவி, சொன்ன நேரம் வைத்து அலசி, ஈர்வலியால் வாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் பேன் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் செய்யுங்கள்.