கட்டியை எடுத்தாயிற்று, ரிப்போர்ட்டில் மெர்க்கல் செல் கார்சினோமா: இனி என்ன செய்வது?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 67 வயது. வலது கன்னத்தில் செவ்வூதா நிறத்தில் ஒரு கட்டி வந்தது. வலியோ அரிப்போ கிடையாது. சுண்டுவிரல் நகம் அளவில் இருந்தது, ஆறு வாரத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. கொழுப்புக்கட்டியாக இருக்கும் என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். பயாப்ஸியில் மெர்க்கல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய், 1.5 செ.மீ., ஓரங்களில் புற்றணு இல்லை என்று வந்திருக்கிறது. “முழுசாக எடுத்தாயிற்று, ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்கிறார் எடுத்த டாக்டர். என் தம்பியோ, இப்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் இம்யூனோதெரபி வந்துவிட்டது, இன்னொரு ஆபரேஷனும் வேண்டாம், கரண்ட் வைப்பதும் வேண்டாம் என்கிறான். அப்பா மூட்டுவாதத்துக்கு எட்டு வருடமாக மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். இந்தப் புற்றுநோய் வைரஸால் வருகிறது என்றும் படித்தேன். என் இரண்டு வயது மகள் தாத்தா மடியில்தான் தூங்குவாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் உங்கள் மகள். அவள் தாத்தா மடியிலேயே தூங்கட்டும், இந்தப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நீங்கள் படித்ததும் உண்மைதான். 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் குழுவினர் இந்தக் கட்டிகளுக்குள் ஒரு புது வைரஸைக் கண்டுபிடித்தார்கள். மெர்க்கல் செல் பாலியோமா வைரஸ் என்று அதற்குப் பெயர். சுமார் 80 சதவீதக் கட்டிகளில் அது இருக்கிறது. ஆனால் அதே வைரஸ் சின்ன வயதிலேயே நம்மில் பெரும்பாலோர் தோலில் வந்து குடியேறி, எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிடுகிறது. எப்போதோ ஒரு செல்லில் வைரஸின் டிஎன்ஏ உடைந்து, அந்த செல்லின் டிஎன்ஏவுக்குள் போய் ஒட்டிக்கொண்டால்தான் புற்றுநோய் தொடங்குகிறது. அப்படி உடைந்த வைரஸால் பெருகவும் முடியாது, பரவவும் முடியாது. வைரஸ் இல்லாத மற்ற கட்டிகளுக்குக் காரணம், பல வருட வெயில் தோலின் டிஎன்ஏவில் உண்டாக்கிய சேதம்.

அடுத்தது அந்த ஆறு மாதக் கணக்கு. தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். இந்த வாரமே தோல் புற்றுநோய் பார்க்கும் ஒரு மையத்தில் அப்பாவைக் காட்டுங்கள். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து சிகிச்சை மூன்றுக்கும் உரிய டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் இடமாக இருந்தால் நல்லது. மற்ற பல தோல் புற்றுநோய்களில் கட்டியைச் சுத்தமாக எடுத்துவிட்டால் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். இதில் அப்படியில்லை. சிகிச்சை முடித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வருகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்.

கொழுப்புக்கட்டி என்று நினைத்த டாக்டர் மேல் கோபம் வேண்டாம். 195 நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஒரு கட்டுரையில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, சரியாகச் சொன்னால் 56 சதவீதம் பேருக்கு, பயாப்ஸி செய்யும் நேரத்தில்கூட டாக்டர்கள் சாதாரணக் கட்டி என்றுதான் நினைத்திருந்தார்கள். ஏமாற்றுவது அந்த வலியின்மைதான். 88 சதவீதம் பேருக்கு வலியே இல்லை. வலிக்காத கட்டி, சில வாரங்களில் கிடுகிடுவென்று வளர்ச்சி, 50 வயதுக்கு மேல், வெயில் படும் இடம், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ: இந்த ஐந்தில் மூன்று சேர்ந்தாலே பயாப்ஸி செய்துவிட வேண்டும் என்பது அந்த ஆய்வுக்குப் பின் வந்த பாடம். உங்கள் அப்பாவுக்கு ஐந்துமே இருந்திருக்கிறது, மெத்தோட்ரெக்சேட்டும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துதான்.

ரிப்போர்ட்டை எடுத்து ஒரு விஷயம் பாருங்கள். நுண்ணோக்கியில் இந்தப் புற்றணுக்கள் சின்னதாக, உருண்டையாக, நீலமாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், நுரையீரலில் வரும் ஸ்மால் செல் புற்றுநோய் தோலுக்குப் பரவினாலும் அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும். பிரித்தறிய சிகே20 என்ற சாயம் போடுவார்கள். மெர்க்கல் செல்லாக இருந்தால் ஒவ்வொரு செல்லிலும் கருவின் ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஒரு பொட்டு விழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது நெற்றியில் வைத்த சாந்துப்பொட்டு மாதிரிதான் தோன்றும். நுரையீரல் புற்றுநோய்க்குரிய டிடிஎஃப்-1 சாயம் இதில் பெரும்பாலும் பிடிக்காது. இவை இரண்டும் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இனி முக்கியமான கட்டம், நெறிக்கட்டு, அதாவது நிணநீர் முடிச்சு. கழுத்தில் கை வைத்துப் பார்த்தால் எதுவும் தட்டுப்படாமல் இருக்கலாம். அப்படித் தட்டுப்படாதவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நிணநீர் முடிச்சுக்குள் புற்றணு ஏற்கெனவே போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க சென்டினல் நோட் பயாப்ஸி என்று ஒன்று உண்டு. கட்டி இருந்த இடத்தில் லேசான கதிரியக்க மருந்தையும், சில சமயம் நீல மையையும் ஊசியால் செலுத்துவார்கள். அது நிணநீரோடு ஓடி எந்த முடிச்சில் முதலில் போய்ச் சேருகிறதோ, அந்த ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். கட்டி இருந்த இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டிய பிறகு இதைச் செய்தால், நிணநீர் ஓடும் பாதையே மாறிப்போயிருக்கும். அதனால் ஓரத்தில் இன்னும் 1 முதல் 2 செ.மீ. வரை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், “அதற்கு முன்போ அதோடு சேர்த்தோ நோட் பயாப்ஸி உண்டா?” என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். முகத்திலும் கழுத்திலும் நிணநீர் பல திசைகளில் ஓடும், பழக்கப்பட்ட கை வேண்டும்.

உடம்பில் வேறெங்காவது நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பெட்-சிடி ஸ்கேனும் தேவைப்படும். கைக்கு நெறி தட்டாத நோயாளிகளிலும் எட்டில் ஒருவருக்கு, ஸ்கேன் எடுத்த பிறகு நோயின் நிலை மேலே போனதாக ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

கரண்ட் வைக்க வேண்டாம் என்று தம்பி சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. கதிர்வீச்சுக்கு இந்த அளவு மசிகிற புற்றுநோய்கள் குறைவு. மிகச் சிறிய கட்டி, சுத்தமான ஓரம், நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது, முடிச்சிலும் ஒன்றுமில்லை என்றால் கதிர்வீச்சு இல்லாமல் கவனித்துப் பார்ப்பதுண்டு. உங்கள் அப்பாவுக்குக் கட்டி முகத்தில், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார். அவருக்கு நான் கதிர்வீச்சின் பக்கம்தான் சாய்வேன். அதில் ஒரு நன்மையும் உண்டு: கன்னத்தில் ரொம்ப அகலமாக வெட்டி, கண்ணிமையோ வாயோரமோ இழுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டியதில்லை. எப்படியும் கதிர்வீச்சு உண்டு என்றால் குறுகலாக வெட்டினாலும் போதும், புண் ஆறியதும் நாள் கடத்தாமல் தொடங்கிவிடலாம்.

அப்புறம் இம்யூனோதெரபி. தம்பியின் உற்சாகத்துக்குக் காரணம் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் உடம்பில் பரவிவிட்டால் எங்களிடம் கீமோதெரபி மட்டும்தான் இருந்தது. கட்டி வேகமாகச் சுருங்கும், வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள், மூன்று நான்கு மாதத்தில் திரும்ப வளர ஆரம்பிக்கும். அந்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு குடும்பத்தாரிடம் விளக்கிய நாட்களை நான் மறக்கவில்லை. 2017-இல் அமெரிக்காவில் அவெலுமாப் அனுமதி பெற்றது, இந்த நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்து. கீமோ கொடுத்தும் நிற்காத நோயாளிகளிலேயே மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. 2018-இல் பெம்ப்ரோலிசுமாப் வந்தது. அதை முதல் மருந்தாகவே கொடுத்த 50 பேரில் பாதிக்கு மேல் பலன் தெரிந்தது, மூன்று ஆண்டுகள் கழித்தும் சுமார் 60 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 2023-இல் ரெட்டிஃபான்லிமாப். புற்றணு நம் எதிர்ப்பு செல்களின் மேல் போட்டு வைத்திருக்கும் பூட்டைத் திறப்பதுதான் இவை எல்லாம் செய்யும் வேலை.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் நோய் முற்றியவர்கள் பற்றியவை. கட்டி 2 செ.மீ.க்குள், முடிச்சில் ஒன்றுமில்லை என்ற நிலையில், அறுவையையும் கதிர்வீச்சையும் விட்டுவிட்டு மருந்தை மட்டும் நம்ப இன்றைக்கு ஆதாரம் போதாது. இந்த இரண்டு நிலைக்கும் இடையில் இருப்பவர்களுக்கு ஆராய்ச்சி வேகமாக நகர்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆபரேஷனுக்கு முன் நாலு வாரத்தில் இரண்டே தவணை நிவோலுமாப் என்ற இதே வகை மருந்தைக் கொடுத்தார்கள். பிறகு ஆபரேஷன் செய்த 36 பேரில் 17 பேருக்கு, எடுத்த சதையில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூட இல்லை. 2023-இல் வந்த இன்னோர் ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் நிவோலுமாப் பெற்றவர்களில் 84 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுவரை நோய் திரும்பவில்லை. மருந்தில்லாமல் கவனித்தவர்களில் அது 73 சதவீதம். அப்பாவின் முடிச்சில் புற்றணு இருப்பதாக வந்தால், தம்பி அப்போது இந்தப் பேச்சை எடுக்கட்டும், அது மிகச் சரியான கேள்வியாக இருக்கும்.

மூட்டுவாத டாக்டரையும் அந்தப் பேச்சில் சேருங்கள். எதிர்ப்பு செல்களை அவிழ்த்துவிடும் மருந்து மூட்டுவாதத்தையும் கிளறிவிடலாம், தைராய்டு, குடல், நுரையீரல், ஈரலிலும் அழற்சி வரலாம். மூட்டுவாதம் இருப்பதாலேயே இம்யூனோதெரபி கூடாது என்று அர்த்தமில்லை, கூடுதல் கண்காணிப்பு வேண்டும், அவ்வளவுதான். மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று மருந்து உண்டா, குறைக்கலாமா என்று அவர் சொல்லட்டும்.

தாமதித்தால் கை நழுவிப்போகும் ஒரு சோதனையும் இருக்கிறது. வைரஸால் வந்த கட்டி என்றால், நோயாளிகளில் பாதிப் பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் புற்றுப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். நோய் போனால் அது படிப்படியாக இறங்கும், திரும்பினால் ஏறும், பல சமயம் ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே. ஆனால் சிகிச்சை தொடங்கிய மூன்று மாதத்துக்குள் முதல் அளவை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஆன்டிபாடி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கட்டியின் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் தேடும் சோதனையை 319 பேரிடம் செய்து பார்த்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். வெளிப்படையாக நோய் இருந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு அது சரியாகக் காட்டியது. இந்த இரண்டும் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் சிகிச்சையை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தோலையும் கழுத்தையும் டாக்டர் தடவிப் பார்ப்பதும், இடையிடையே ஸ்கேனும் இருந்தால் போதும்.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று: பயாப்ஸி செய்த லேபுக்குப் போன் போட்டு, அப்பாவின் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேளுங்கள். பிளாக் என்பது தபால்தலை அளவில், ஓரத்தில் ஓர் எண் எழுதிய மெழுகுத் துண்டு, கட்டி அதற்குள்தான் உறைந்து கிடக்கிறது. சாயங்களைத் திரும்பப் போட, வேறொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்ட, அந்த டிஎன்ஏ சோதனைக்கு என எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். வெயிலில் வைக்காமல், ரிப்போர்ட்டோடு சேர்த்து ஒரு உறையில் போட்டு, புது மையத்துக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.