கல்யாண அட்டை அடிக்கிற ஸ்கிரீனில் சர்க்யூட் அடிக்கலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 15 வருடமாக ஸ்கிரீன் பிரிண்டிங் கடை, கல்யாண அட்டையும் துணிப்பையும்தான் பிழைப்பு, இப்போது பாதிப்பேர் வாட்ஸ்அப்பிலேயே கல்யாணத்துக்கு அழைத்துவிடுகிறார்கள். அச்சிடும் எலக்ட்ரானிக்ஸுக்கு, அதாவது மின்சாரம் கடத்தும் மையால் சர்க்யூட்டை அச்சடிக்கிற தொழிலுக்கு, பெரிய சந்தை வருகிறதாமே, ஒருவர் மெஷின் தருகிறேன் என்கிறார், 6 லட்சம் போடலாமா என்பது கேள்வி.

இப்போதைக்குப் போடாதீர்கள். ஆனால் யோசனையைக் கைவிடவும் வேண்டாம்.

இந்தச் சந்தையைப் பற்றி வீடியோக்களில் சொல்கிற கோடிக்கணக்கான டாலரில் பெரும்பங்கு போனிலும் டிவியிலும் வருகிற ஓஎல்இடி திரை, மடக்கும் போன் திரையும் அதில் சேர்த்தி. அதை யாரும் ஸ்கிரீன் வலையில் மை தள்ளிச் செய்வதில்லை, பெரும்பாலும் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். காரில் ஒட்டுகிற ஃபாஸ்டேக்கின் ஆன்டெனாகூட அச்சடித்ததாக இருக்காது, இந்த மாதிரி டேக்குகளில் அதிகமும் அலுமினியப் படலத்தை அரித்து எடுப்பதுதான். சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப்பில் பலவற்றுக்குக் கார்பன் மையை ஸ்கிரீனில்தான் அடிக்கிறார்கள், உங்கள் கைவேலையேதான், ஆனால் அது மருத்துவ உபகரணம், லைசென்ஸ் இல்லாமல் தொட முடியாது.

உங்களுக்கு எட்டுவது மெம்பிரேன் கீபேட், அதாவது விரலால் அழுத்துகிற தட்டையான பிளாஸ்டிக் ஷீட் பட்டன்கள். குளச்சல் மீன் ஏலக்கூடத்துப் பக்கம் போய் எலக்ட்ரானிக் தராசுகளைப் பாருங்கள், உப்புத் தண்ணீரும் செதிலும் பட்டு கீபேட் உரிந்து, சிலர் பேனா முனையால் பட்டனைக் குத்திக்கொண்டிருப்பார்கள். அந்த கீபேடைப் பிரித்தால் உள்ளே ரெண்டு பாலியஸ்டர் ஷீட், ஒவ்வொன்றிலும் வெள்ளி மையில் அடித்த கோடுகள், நடுவில் ஓட்டை போட்ட ஸ்பேசர், அவ்வளவுதான். மேல் ஷீட்டில் எழுத்தைப் பின்பக்கமாகத் திருப்பி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் பட்டே அழிந்துவிடும். ஸ்டிக்கர் அடித்தவருக்கு இதெல்லாம் புதிது இல்லை.

புதிது என்னவென்றால், இங்கே கண்ணுக்கு அழகாக இருந்தால் போதாது, மின்தடை அளக்கிற மல்டிமீட்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். 1 மில்லிமீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்று அடியுங்கள். அதை 1 மில்லிமீட்டர் சதுரங்களாக நினைத்துக்கொண்டால் 100 சதுரம், நல்ல சில்வர் பேஸ்ட், அதாவது அந்த வெள்ளி மை, சரியாக உலர்ந்தால் சதுரத்துக்கு 0.05 ஓம் சுமார் வரும், ஆக முழுக் கோட்டுக்கும் 5 ஓம். மீட்டர் 40, 50 என்று காட்டினால் மை உலரவில்லை அல்லது மெல்லிசாக விழுந்திருக்கிறது. முதல் தடவை நான் ஹேர் டிரையரை வைத்து உலர்த்தி, மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்த கோட்டை வைத்து ஒரு வாரம் குழம்பினேன். 120, 130 டிகிரியில் நிலையாக நிற்கிற ஓவன் வேண்டும். சாதாரண ஷீட் அந்தச் சூட்டில் சுருங்கும், ரெண்டாவது லேயர் இடம் மாறி விழும், அதனால் வெறும் ஷீட்டை முதலிலேயே ஒருதரம் சுட்டு எடுத்துவிடுங்கள். பேஸ்ட் வெள்ளி விலைக்குத்தான் ஏறி இறங்கும், மை தள்ளுகிற ஸ்குவீஜி ரப்பரில் ஒட்டியதைத் துணியில் துடைத்து வீசாதீர்கள், தட்டான் பட்டறையில் தரையைக் கூட்டி அள்ளுவது மாதிரி வழித்து எடுங்கள்.

அப்புறம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய தலைவலி ஈரம். இரண்டு பருவமழையும் உண்டு, போதாததற்குக் கடற்காற்று. பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் மின்னழுத்தம் இருந்து, நடுவே ஈரமும் சேர்ந்தால், வெள்ளி ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை நோக்கி வேர் விடுகிற மாதிரி வளரும், தொட்டுவிட்டால் ஷார்ட். கோடுகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள், மேலே இன்சுலேஷன் மை அடியுங்கள், கனெக்டருக்குப் போகிற வால் நுனியில் வெள்ளி வெளியே தெரியாமல் கார்பன் மையால் மூடுங்கள்.

மெஷின்காரர் திரும்ப வந்தால் முன்பணம் கொடுக்காமல், இருக்கிற டேபிளிலேயே கொஞ்சம் பேஸ்ட் வாங்கி, தராசு ரிப்பேர் செய்கிறவர் ஒருவருக்குப் பத்து கீபேட் அடித்துக் கொடுங்கள். கூடவே ஒன்றை 5 வோல்ட் அடாப்டரில் மாட்டி, கடற்கரை ஊர்ச் சொந்தக்காரர் வீட்டு வராந்தாவில் ஆடி மாதம் முழுக்கத் தொங்க விடுங்கள். அது ஷார்ட் ஆகாமல் வந்தால் நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கிற மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கடன், மானியம் எல்லாம் விசாரிக்கலாம்.