டான் குவிசன்பெரி: தரையை ஒட்டி வீசியவரைப் பற்றிய கேள்வி பதில்

1980களில் அமெரிக்க பேஸ்பாலில் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்காகக் கடைசி நேரத்தில் வந்து ஆட்டங்களை முடித்துக் கொடுத்தவர் டான் குவிசன்பெரி. இடுப்பை மடக்கி, முழங்கால் உயரத்துக்கும் கீழே கையைக் கொண்டுபோய் வீசுவார். ‘சப்மரீன்’ வீச்சு என்பார்கள். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் வீசினாரா? யார் கற்றுக்கொடுத்தது?

இல்லை. கலிபோர்னியாவில் சான்டா மோனிகாவில் 1953இல் பிறந்தவர். லா வெர்ன் கல்லூரிக்கு ஆடும்போது அளவுக்கு மீறி வீசவேண்டியிருந்தது. தோள் களைத்துப் போய்க் கை தானாகவே பக்கவாட்டுக்கு இறங்கிவிட்டது. 1975இல் டிராஃப்ட்டில் (புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் முறை) எந்த அணியும் அவரைத் தேர்வு செய்யவில்லை. ராயல்ஸ் சும்மா ஒரு ஒப்பந்தம் போட்டுக் கீழ்மட்ட அணிகளுக்கு அனுப்பியது. முதன்மை லீகுக்கு வந்தது 1979 ஜூலையில், 26 வயதில்.

திருப்பம் 1980 வசந்தகாலப் பயிற்சியில் வந்தது. அப்போதைய மேனேஜர் ஜிம் ஃப்ரே இவருடைய வீச்சைப் பார்த்துவிட்டு, இந்த வேகத்துக்கு இது போதாது என்று நினைத்தார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் கென்ட் டெகுல்வியிடம் அனுப்பி வைத்தார். டெகுல்வி அதற்கு முந்தைய வருஷம்தான் உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) மூன்று ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர், அவரும் சப்மரீன்காரர். இன்னும் குனி, இன்னும் கீழே போ என்பதுதான் பாடம். அந்த ஒரு சீசனிலேயே 33 சேவ் (அது என்ன என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்). அமெரிக்கன் லீகில் (முதன்மை லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று, மற்றது நேஷனல் லீக்) அதுவே அந்த வருஷத்தின் உச்சம். கூஸ் காசேஜும் அதே எண்ணிக்கையில் இருந்தார்.

ஒரு போட்டி அணியின் வீரர், நாளைக்குத் தனக்கெதிராக நிற்கக்கூடிய ஒருவருக்குத் தன் வித்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். டெகுல்வியை நான் மிகவும் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ‘சேவ்’ என்றால் என்ன? கிரிக்கெட் மட்டுமே தெரிந்தவன் கேட்கிறேன்.

தன் அணி மூன்று ரன் அல்லது அதற்குக் குறைவாக முன்னிலையில் இருக்கும்போது வந்து, குறைந்தது ஒரு இன்னிங்ஸ் (பேஸ்பாலில் மூன்று அவுட்; ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) வீசி, முன்னிலையைக் கைவிடாமல் கடைசி அவுட் வரை நின்றால் சேவ். வேறு வழிகளும் உண்டு, இங்கே இது போதும். 1969இலிருந்துதான் அதிகாரபூர்வக் கணக்கு.

கேள்வி: எவ்வளவு வேகத்தில் வீசுவார்?

மெதுவாக. அவருடைய காலத்து நல்ல வேகக்காரர்களோடு ஒப்பிடவே முடியாது. வேகத்தைப் பார்த்தால் இவரைப் புரிந்துகொள்ள முடியாது, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, அப்படி மெதுவாக வருகிற பந்தை ஏன் அடிக்க முடியவில்லை? அது எப்படி வேலை செய்கிறது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி தம்பி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மேலிருந்து வீசும் பிட்சரின் (பந்து வீசுபவரின்) பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே வரும். அந்தச் சுழற்சியால் காற்று பந்தை மேல்நோக்கித் தள்ளும். புவியீர்ப்பு இழுக்கும் அளவுக்குப் பந்து இறங்காது. பேட்டரின் கண் அதற்குத்தான் வருஷக்கணக்காகப் பழகியிருக்கும். கையைத் தரைக்கு அருகே கொண்டுபோனால் சுழற்சியின் அச்சே சாய்ந்துவிடுகிறது. மேல்நோக்கித் தள்ளும் விசை போய், பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் தள்ள ஆரம்பிக்கிறது. பந்து தாழ்விலிருந்து கிளம்பி, மேலே ஏறுவதுபோல் தோன்றி, பேட்டருக்கு அருகில் வந்ததும் விழும். பேட் பந்தின் மேல்பாதியில் படும். அப்படிப் பட்டால் பந்து தரையில் உருளும். பறக்காத பந்து ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) ஆகாது.

மெதுவாக வருவதும் இதற்கு உதவிதான். 18.44 மீட்டர் தூரத்தைக் கடக்க அதிக நேரம் எடுத்தால், கீழே விழவும் அதிக நேரம் கிடைக்கிறது.

ஆனால் உருளும் பந்தை யாராவது பிடித்து எறிய வேண்டும் இல்லையா? ராயல்ஸில் இரண்டாம் பேஸில் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) ஃபிராங்க் வைட் நின்றார். எட்டு முறை கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டர் விருது) வாங்கியவர். ராயல்ஸ் மைதானத்தில் அப்போது செயற்கைத் தரை; பந்து வேகமாக உருண்டு ஓடும். அந்தத் தரையில் வைட் மாதிரி ஒருவர் இல்லாமல் குவிசன்பெரியின் கதை இப்படி இருந்திருக்காது என்பது என் கருத்து.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சேர்க்க வேண்டும். விசித்திரமான வீச்சு உள்ளவர்கள் நிறையப் பேர் வந்து போயிருக்கிறார்கள். இவரைத் தனியாக நிறுத்தியது குறி. 1983இல் 139 இன்னிங்ஸ் வீசி அவர் கொடுத்த வாக் வெறும் 11. (நான்கு தவறான பந்துகளுக்கு பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போவது வாக்.) முழு வாழ்க்கைக் கணக்கு 1043 இன்னிங்ஸில் 162 வாக். அதிலும் 70, மேனேஜர் சொல்லி வேண்டுமென்றே கொடுத்தவை. மிச்சம் 92. அதாவது பதினோரு இன்னிங்ஸுக்கு ஒன்று. எல்லோரும் அந்தக் கையைப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது இந்த எண்ணை.

கேள்வி: இது எறிதல் இல்லையா? கிரிக்கெட்டில் விடமாட்டார்களே?

பேஸ்பாலில் முழங்கை மடங்கலாம், நீளலாம். பந்தை எறிவதுதான் ஆட்டமே. கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் விதி இல்லை. கால் பிட்சர் நிற்கும் இடத்தில் உள்ள ரப்பர் பலகையைத் தொட்டிருக்க வேண்டும், ஆரம்பித்த அசைவை நடுவில் நிறுத்தக்கூடாது, இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள்தான் உண்டு.

கேள்வி: 1981இல் டிரெவர் சாப்பல் பந்தை உருட்டிவிட்டாரே, அது மாதிரிதானே இது?

இல்லை. அது பேட்ஸ்மேன் அடிக்கவே முடியாதபடி தரையில் உருட்டிவிட்டது. இது பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையில், அவர் அடிக்கக்கூடிய இடத்தில் வரவேண்டிய பந்து. மேலே உள்ள பதிலையும் பாருங்கள்.

கேள்வி: கையை மடக்குவதால் இது சட்டவிரோதம் என்று ஏன் யாரும் சொல்லவில்லை?

இரண்டு கேள்விக்கு முன்னால் பதில் இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. வெளிநாட்டில் பள்ளியில் பேஸ்பால் ஆடுகிறான். சப்மரீன் வீசினால் தோளுக்கு நல்லது என்று கேள்விப்பட்டேன். வீடியோ பார்த்துக் கற்கலாமா?

அம்மா, தயவுசெய்து வேண்டாம். சப்மரீன் வீச்சில் தோளைவிட இடுப்புதான் அதிகம் வேலை செய்கிறது. உடம்பு முழுவதும் பக்கவாட்டில் மடங்குகிறது. பையன்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு இடுப்பை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு கையை மட்டும் கீழே இறக்குவார்கள். அப்போது முழங்கைதான் அடிபடும். தோளுக்குக் கேடே வராது என்பதும் உண்மையில்லை. குவிசன்பெரியின் ஆட்டம் 1990இல் முடிந்ததே தோள்பட்டைத் தசை கிழிந்ததால்தான். நேரில் பார்த்துத் திருத்த ஒரு பயிற்சியாளர் இருந்தால் மட்டும் யோசியுங்கள். 12 வயதில் நேராகக் குறிபார்த்து வீசப் பழகட்டும், அது எந்த வீச்சுக்கும் உதவும்.

கேள்வி: ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறாரா?

இல்லை. அது பேஸ்பாலின் பெரிய ஆட்டக்காரர்களுக்கான கௌரவ மண்டபம். 1996இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது 5 சதவீதம்கூடக் கிடைக்காமல் பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டார். 2013 டிசம்பரில் மூத்தோர் குழு மறுபடி பரிசீலித்தது, அப்போதும் இல்லை. இது தவறு என்று நினைக்கிறேன்.

கேள்வி: தவறு இல்லை சார். 244 சேவ் மட்டும்தான். இன்றைக்கு 400 எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

சேவ் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இன்றைய குளோசர் (ஆட்டத்தை முடிக்க வருபவர்) ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வந்து மூன்று அவுட் எடுத்துவிட்டுப் போகிறார். வருஷத்துக்கு 60, 70 இன்னிங்ஸ். குவிசன்பெரி ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸிலேயே வந்துவிடுவார். 1983இன் 45 சேவ் அப்போது ஒரு சீசனுக்கான சாதனை. அதற்கு முன் ஜான் ஹில்லரின் 38தான். அதோடு 139 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. (பிட்சர் பொறுப்பில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் போன ரன்; குறைந்தால் நல்லது) 1.94. அவருடைய காலத்தவரோடு ஒப்பிடுங்கள். புரூஸ் சட்டர் 2006இல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். அவர் வீசியது 1042 இன்னிங்ஸ், இவர் 1043. சட்டரின் இ.ஆர்.ஏ. 2.83, இவருடையது 2.76. சட்டர் நேஷனல் லீகில் ஐந்து முறை சேவில் முதலிடம். இவர் அமெரிக்கன் லீகில் ஐந்து முறை முதலிடம். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே.

அதே நண்பர்: சட்டருக்கு 300 சேவ், ஒரு சை யங் விருது (லீகின் சிறந்த பிட்சருக்குக் கொடுப்பது). ஸ்பிளிட் ஃபிங்கர் என்ற பந்தையே பிரபலமாக்கினார். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது) 861. உங்கள் ஆளுக்கு 379.

ஸ்ட்ரைக் அவுட் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. மூன்றாம் பேஸில் ஆள், ஒரு அவுட், அந்த நேரத்தில் உருளும் பந்தும் ஆபத்துதான், அந்த ஆள் ஓடி வந்து ரன் எடுத்துவிடலாம். பந்து பேட்டில் படாமலே அவுட் எடுப்பவர் தேவை. ஆனால் ஸ்ட்ரைக் அவுட் கம்மி, வாக் அதைவிடக் கம்மி என்றால், கடைசியில் எதிரணி எத்தனை ரன் எடுத்தது என்று பாருங்கள். 2.83க்கும் 2.76க்கும் பதில் அங்கே இருக்கிறது. சை யங் விருதில் இவர் 1983, 1984 இரண்டு வருஷமும் இரண்டாமிடம்.

இன்னொருவர்: இரண்டு பேருக்குமே உச்சம் கொஞ்ச வருஷம்தான். குவிசன்பெரியின் 1986க்குப் பிறகான ஆட்டத்தை யாரும் பேசுவதில்லையே?

பேசுவோம். 244இல் 212 சேவ் 1980 முதல் 1985 வரை ஆறு வருஷத்தில் வந்தவை. அதற்குப் பிறகு சரிவுதான். 1988இல் ராயல்ஸ் விடுவித்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், பிறகு சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், அத்தோடு முடிந்தது. நீண்ட காலம் ஆடியவர்களுக்குத்தான் ஹால் ஆஃப் ஃபேம் என்றால் இவருக்கு இடமில்லை, சரி. அப்படியானால் அதே அளவு இன்னிங்ஸ் வீசிய சட்டருக்கும் அந்த அளவுகோலை வைக்க வேண்டும்.

அதே நண்பர்: அப்போது டெகுல்வியையும் சேர்ப்பீர்களா? 1050 ஆட்டம் ஆடியவர்.

184 சேவ், 2.85 இ.ஆர்.ஏ. நல்ல வாதம்தான். அவருக்கும் இன்னும் மரியாதை கிடைத்திருக்க வேண்டும். ஆனால் தொடர்ந்து நான்கு வருஷம் தன் லீகிலேயே சேவில் முதலாக நின்றவர் குவிசன்பெரி, 1982 முதல் 1985 வரை. நான் மாறப்போவதில்லை, நீங்களும் மாறமாட்டீர்கள். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: உலகக் கோப்பை மாதிரி ஏதாவது ஜெயித்தாரா?

உலகத் தொடர் என்று இருக்கிறது. 1980இல் பிலடெல்பியாவுக்கு எதிரான ஆறு ஆட்டங்களிலும் வீசினார். ஒன்றில் வெற்றி, இரண்டில் தோல்வி அவர் பெயரில் (பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சர் பெயரில் எழுதப்படும்), தொடரும் போனது. 1985இல் கார்டினல்ஸுக்கு எதிராக ராயல்ஸ் ஜெயித்தது. ஆறாவது ஆட்டத்தில் நடுவர் டான் டென்கிங்கர் முதல் பேஸில் தவறான தீர்ப்புக் கொடுத்தார் என்று இன்றுவரை சண்டை போடுகிறார்களே, அந்த ஆட்டத்தின் வெற்றி பெற்ற பிட்சர் குவிசன்பெரி.

கேள்வி: அதிகபட்ச வேகம் எத்தனை மைல்?

வேகத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். 162 வாக் என்ற எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: கவிதை எழுதினார் என்கிறார்களே, உண்மையா? எப்படி இறந்தார்?

உண்மை. ஓய்வுக்குப் பிறகு கவிதை எழுத ஆரம்பித்து, 1998இல் ஒரு தொகுப்பும் வந்தது. கான்சஸ் சிட்டியில் பசித்தோருக்கு உணவு திரட்டும் பணியிலும் ஈடுபட்டிருந்தார். அதே வருஷம் செப்டம்பர் 30 அன்று மூளைப் புற்றுநோயால் இறந்தார், வயது 45. 1985இல் ராயல்ஸை ஜெயிக்க வைத்த மேனேஜர் டிக் ஹவுசரும் 1987இல் இதே நோயில்தான் போனார். அந்த அணியை விரும்பியவர்களுக்கு இரண்டும் ஆறாத வருத்தம்.

கேள்வி: தாழ்ந்து வீசும் பந்து பட்டு யாரோ செத்துப் போனார்களாமே?

1920 ஆகஸ்டில், நியூயார்க்கில். கார்ல் மேஸ் வீசிய பந்து கிளீவ்லாந்தின் ரே சாப்மன் தலையில் பட்டது; மறுநாள் இறந்தார். அப்போது ஹெல்மெட் கிடையாது. அழுக்கேறிய பழைய பந்தையே தொடர்ந்து பயன்படுத்தும் வழக்கமும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பந்துதான் ஆபத்து. வீச்சைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கேள்வி: ஜப்பானில் இப்படி வீசுகிறவர்கள் அதிகமாமே?

ஆமாம், அங்கே அது ஒரு பரம்பரை. தடாஷி சுகியுரா 1959இல் நான்காய் அணிக்காக 38 வெற்றி, 4 தோல்வி. ஜப்பான் தொடரின் நான்கு வெற்றிகளும் அவர் பெயரில். ஹிசாஷி யமடா மொத்தம் 284 வெற்றி. ஷுன்சுகே வாட்டனபேயின் கை ஏறக்குறைய மண்ணைத் தொடும். தனியாக ஒரு நாள் எழுத வேண்டிய விஷயம்.

கேள்வி: இப்போது ஆடுகிறவர்களில் யாரைப் பார்க்கலாம்?

டைலர் ரோஜர்ஸ். பல வருஷம் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸில் வீசியவர். அவருடைய இரட்டையர் டெய்லர் ரோஜர்ஸ் இடதுகையால் வழக்கமான முறையில் வீசுகிறவர். பார்க்கும்போது டைலரின் கையை விட்டுவிட்டு, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையைக் கவனியுங்கள், அது எவ்வளவு குறைவாக நகர்கிறது என்று.