முதல் பூவைத் தவறவிடாமல் பார்ப்பது எப்படி?

கேள்வி: குளிர் முடிந்து வசந்தம் தொடங்கும்போது எந்த மரம், எந்தச் செடி முதலில் பூக்கிறது என்று ஆண்டுதோறும் தேதி குறித்துவைக்க ஆசை. ஆனால் நான் கவனிப்பதற்குள் மரம் முழுக்கப் பூத்துவிடுகிறது. எங்கே, எப்படிப் பார்க்க வேண்டும்?

பதில்: செர்ரி மாதிரி பளிச்சென்ற பூவுக்காக நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குளிர்ப் பிரதேசங்களில் அதற்குப் பல வாரங்கள் முன்பே ஹேசல், ஆல்டர் போன்ற மரங்கள் மொட்டைக் கிளையிலேயே பூத்துவிடும். காற்றில் மகரந்தம் பரப்புகிற இவற்றுக்கு, இலை வந்துவிட்டால் அதுவே குறுக்கே நிற்கும். பூச்சியைக் கூப்பிட வேண்டிய தேவை இல்லாததால் கவர்ச்சியான இதழும் கிடையாது. அதனால்தான் பூத்த மரத்தடியிலேயே நின்றாலும் நமக்குத் தெரிவதில்லை.

ஹேசலையே எடுத்துக்கொள்ளுங்கள். வால் போலத் தொங்கும் சரங்கள்தான் அதன் ஆண் பூக்கள். அவை முந்தைய இலையுதிர் காலத்திலேயே கிளையில் வந்து, குளிர் முழுக்க இறுகிப்போய்க் கிடக்கும். ஆகவே சரத்தைக் கண்டதும் தேதி போட்டுவிடாதீர்கள். சரம் நீண்டு தளர்ந்ததும் விரலால் லேசாகத் தட்டுங்கள். மஞ்சள் தூள் பறந்தால்தான் பூத்ததாகக் கணக்கு. பெண் பூவைத் தேட மூக்கு கிளையில் உரசும் அளவுக்கு நெருங்க வேண்டும். பச்சை மொட்டின் நுனியில் சில மில்லிமீட்டர் நீளத்துக்குச் சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு விடவே மாட்டீர்கள்.

தரையில் ஸ்னோடிராப், குரோக்கஸ் என்ற சிறிய பூச்செடிகளைக் கவனித்தால் போதும். குரோக்கஸ் குளிர்ந்தால் மூடிக்கொள்ளும் என்பதால் வெயில் இருக்கும் நண்பகலில் போய்ப் பாருங்கள்.

அப்புறம் தேதி. எதை 'பூத்தது' என்று சொல்வீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜப்பான் வானிலைத் துறை, குறிப்பிட்ட ஒரு செர்ரி மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்த பிறகுதான் பூத்ததாக அறிவிக்கும். நீங்கள் மூன்று பூ என்று வைத்துக்கொண்டாலும் சரி, அதை நடுவில் மாற்றாதீர்கள். ஆண்டுதோறும் அதே மரம், அதே செடியாகவும் இருக்கட்டும். வெயில் படும் சுவரை ஒட்டிய செடி சூட்டில் முந்திக்கொள்ளும். திறந்த வெளியில் நிற்பதையே தேர்ந்தெடுங்கள்.

பலரும் விட்டுவிடுவது 'இன்னும் இல்லை' என்ற குறிப்பை. இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்த்து அதையும் எழுதுங்கள். 10ஆம் தேதி இல்லை, 12ஆம் தேதி உண்டு என்றால் விஷயம் தெளிவு. வெறுமனே 12 என்றிருந்தால், அன்றுதான் பூத்ததா, அன்றுதான் நீங்கள் போனீர்களா என்று யாருக்குத் தெரியும்? இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736இல் தொடங்கிய வசந்த காலத் தேதிக் குறிப்புகளை அவருடைய குடும்பத்தார் 1958 வரை எழுதிவந்தார்கள். பருவநிலையை ஆராய்பவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

ஒருவேளை ஜனவரியிலேயே நாலு நாள் வெயில் அடித்தும் மரம் அசையவில்லையென்றால் குழம்ப வேண்டாம். பல மரங்களுக்கு முதலில் போதுமான குளிர் கிடைத்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் வெப்பம் மொட்டை எழுப்பும். குளிர் குறைந்த ஆண்டில் சில மரங்கள் தாமதமாகப் பூப்பதற்கும் இதுவே காரணம்.

மகரந்த ஒவ்வாமை உள்ளவர் என்றால் ஹேசல், ஆல்டர் சரங்களைத் தட்டும் வேலை வேண்டாம். தும்மல் வந்துவிடும். காற்று வரும் பக்கம் நின்று, ஃபோனில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பாருங்கள்.