செப்பாங்கில் ஓட்ட எந்த டயர்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

சொந்தக் காரை செப்பாங் பந்தயப் பாதையில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டயரைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கோலாலம்பூர், கிள்ளான், பினாங்கு என்று பல பக்கத்திலிருந்தும் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் பேசுவதெல்லாம் வார நாளில் வேலைக்கும் பசாருக்கும் போய்வந்து, எப்போதாவது டிராக்கில் ஓடுகிற கார்களைப் பற்றி. லாரியில் ஏற்றி வரும் ரேஸ் கார்களுக்கு வேறு கணக்கு.

செந்தூல், மைவி 1.5: அண்ணே, அடுத்த மாதம் எனக்கு முதல் டிராக் டே. செமி ஸ்லிக் (கோடுகள் குறைந்த, ஒட்டும் ரப்பர் டிராக் டயர்) போடாமல் போனால் காசு வீண் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை தம்பி. இப்போது காரில் இருக்கும் டயர் நல்ல நிலையில் இருந்தால் முதல் தடவைக்கு அதுவே போதும். நான்கும் ஒரே மாதிரி டயராக இருக்க வேண்டும், பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ இருக்கக்கூடாது, ஐந்து வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது.

காரணம் சொல்கிறேன். சாதாரண ரோட்டு டயர் பிடியை விடுவதற்கு வெகு முன்னாலேயே கத்தத் தொடங்கும். ஸ்டியரிங் கையில் லேசாகும், கார் மெதுவாக வெளிப்பக்கம் போகும். இவ்வளவும் நடந்து முடிவதற்குள் காலை எடுக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். செமி ஸ்லிக் அப்படி இல்லை. இன்னும் அதிக வேகம் வரை சத்தமே இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்து, விடும்போது சட்டென்று விடும். அந்த நொடியில் கார் போகும் வேகமும் அதிகம். வளைவுக்குள் தப்பான இடத்தில் நுழைந்தால்கூட அந்த டயர் காப்பாற்றிவிடுவதால், தப்பு நடந்ததே தெரியாமல் பழகிவிடுவீர்கள்.

டயருக்கு வைத்திருக்கும் காசில் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், புது டாட் 4. பேடையும் பாருங்கள். செப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்பாதைகள், இரண்டின் முடிவிலும் பலமாக பிரேக் அடிக்க வேண்டும். ஈரம் ஏறிய பழைய ஆயில் அங்கே கொதித்துவிட்டால் பெடல் தரை வரை போகும். அந்த நேரத்தில் எந்த டயரும் உதவாது.

பூச்சோங்: "200 டிரெட்வேர்" என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன? நம்பர் குறைந்தால் கிரிப் கூடும் என்பது சரியா?

டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அமெரிக்கத் தரக் குறியீடு அது. டெக்சாஸில் 640 கிலோமீட்டர் நீளப் பொதுச் சாலைப் பாதை ஒன்றில் டயரை ஏறக்குறைய 11,500 கிலோமீட்டர் ஓட்டி, 100 என்று வைத்திருக்கும் ஓர் ஒப்பீட்டு டயரைவிட எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்று பார்க்கிறார்கள். 400 என்றால் ஒப்பீட்டு டயரைப் போல நான்கு மடங்கு உழைக்கும் என்று கணக்கு. ஆனால் நம்பரைப் போடுவது டயர் தயாரிக்கும் நிறுவனமேதான். அதனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு டயரை ஒப்பிட அது உதவும், வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவாக உதவாது.

அமெரிக்காவில் அமெச்சூர் பந்தயங்கள் பலவற்றில் 200க்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் நிறுவனங்கள் சரியாக 200 என்று அச்சடித்து, உள்ளே முடிந்த அளவு ஒட்டும் ரப்பரைப் போடுகின்றன. 200 என்று போட்ட இரண்டு டயர் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருப்பது இதனால்தான்.

அதே இடத்தில் ஏஏ, ஏ, பி என்று இருக்கும் டிராக்‌ஷன் எழுத்தை வளைவுப் பிடி என்று நினைத்துவிடாதீர்கள். ஈரத் தரையில் நேராக பிரேக் அடிப்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

கெப்போங், வயோஸ்: ஐயா, காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்? ஒருவர் கூட்டச் சொல்கிறார், ஒருவர் குறைக்கச் சொல்கிறார்.

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புது டயர் வாங்குவதைவிட இதில் கிடைக்கும் பலன் பெரிது, செலவும் ஒரு நல்ல கேஜ் மட்டும்தான்.

டயருக்குள் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 7 கேபிஏ, அதாவது 1 பிஎஸ்ஐ, கூடும். செப்பாங்கில் மதிய வெயிலில் தார்த் தரையின் சூடு 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதன்மேல் நீங்கள் வளைத்து பிரேக் அடிக்கும் சூடும் சேருகிறது. கதவோரத்து ஸ்டிக்கரில் 230 கேபிஏ என்று இருந்து, அதை அப்படியே அடித்துக்கொண்டு நான்கு சுற்று வேகமாக ஓட்டினால், முன் டயர் 280ஐத் தாண்டியிருக்கும். அப்போது டயரின் நடுப்பகுதி புடைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும். பிடி குறையும், சூடு இன்னும் ஏறும்.

ஆகவே பார்க்க வேண்டியது சூடான அழுத்தத்தை. காலையில் ஸ்டிக்கரில் உள்ளபடி அடித்துக்கொண்டு போங்கள். முதல் செஷன் முடிந்து பிட்டுக்குள் வந்தவுடனே, தண்ணீர் குடிக்கப் போவதற்கு முன்னால், நான்கு டயரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன்சக்கர இழுவைச் சின்னக் காருக்கு ரோட்டு டயர் என்றால் சூட்டில் 240 முதல் 260 கேபிஏ வரை, அதாவது 35 முதல் 38 பிஎஸ்ஐ வரை, நல்ல தொடக்கம். கூடுதலாக இருப்பதை இறக்கிவிடுங்கள்.

ரொம்பவும் இறக்கினாலும் கெடுதல். வளைவில் டயர் மடங்கி, பக்கவாட்டு எழுத்துவரை தரையில் உரசும். பல டயர்களில் தோள் பகுதியில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரி. முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தால் காற்று போதவில்லை.

மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் கட்டாயம் மறுபடி காற்று அடியுங்கள். சூட்டில் 250க்கு இறக்கிய டயர் ஆறியதும் 200க்குப் பக்கத்தில் நிற்கும். அதோடு நெடுஞ்சாலையில் மழைக்குள் ஓட்டக்கூடாது.

செராஸ், சிவிக் எஃப்டி: அண்ணா, போன தடவை ஒரே நாளில் முன் இடது டயரின் வெளி ஓரம் மட்டும் மழுங்கிவிட்டது. மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. டயர் மோசமா?

டயரைக் குறை சொல்ல முடியாது தங்கச்சி. செப்பாங் வலஞ்சுழியாக ஓடும் பாதை. 5.543 கிலோமீட்டரில் 15 வளைவுகள், அவற்றில் 10 வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் இடப்பக்கம் சாய்கிறது. முன்சக்கர இழுவைக் காரில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாம் முன் டயரின் தலையில். அதனால் முதலில் தேய்வது முன் இடதுதான்.

அலைன்மென்ட் கடையில் முன் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வை, கொஞ்சம் உள்சாய்வாக, 1.5 டிகிரி அளவுக்குக் கேளுங்கள். தினசரி ஓட்டத்தில் உள் ஓரம் லேசாகத் தேயும், ஆனால் டிராக்கில் வெளி ஓரம் தப்பிக்கும்.

பக்கம் மாற்றிப் போடுவதாக இருந்தால் பக்கவாட்டைப் பாருங்கள். வெளிப்பக்கம் எது என்று மட்டும் குறித்திருக்கும் டயரை இடமிருந்து வலத்துக்கு ரிம்மோடு மாற்றலாம். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட வேண்டும்.

ஓட்டும் முறையிலும் ஒன்று உண்டு. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, கார் திரும்பவில்லை என்று ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தால், டயர் பக்கவாட்டில் அரைபடும். பிரேக்கைச் சற்று முன்னால் அடித்து, ஸ்டியரிங்கைக் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். டயரும் மிஞ்சும், பெரும்பாலும் நேரமும் குறையும்.

பிரிக்பீல்ட்ஸ்: காசு கொஞ்சம் இடிக்கிறது. முன்னால் இரண்டு மட்டும் நல்ல டயர் போட்டு, பின்னால் பழையதை வைத்துக்கொள்ளலாமா? முன்சக்கரம்தானே இழுக்கிறது.

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் ஒரே ஒரு பதிலை மட்டும் எழுத முடியும் என்றால் இதைத்தான் எழுதுவேன். முன்னால் பிடி கூடி, பின்னால் குறைந்தால், வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே பின்பக்கம் வீசும். செப்பாங்கின் ஐந்தாவது, ஆறாவது வளைவுகள் வேகமானவை. அங்கே பின்பக்கம் வீசினால் புதிதாக ஓட்டுகிறவர் திருப்பிப் பிடிப்பது கடினம். மழையில் எலைட் நெடுஞ்சாலையில் வீசினால் ஓடி நிற்பதற்கு மணல் திடல்கூடக் கிடையாது. காசு இரண்டுக்குத்தான் என்றால் நடுத்தர விலையில் நான்காகப் போடுங்கள்.

ரவாங்: டயர் கடை முதலாளி தவுக்கே பாதி விலைக்கு யூஸ்ட் செமி ஸ்லிக் தருகிறார். பூ (டயரின் மேல் கோடுகள்) நிறைய இருக்கிறது. வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். இந்த வகை ரப்பர் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் இறுகும். பார்க்கப் பூ இருக்கும், ஒட்டும் தன்மை போயிருக்கும். தயாரித்த தேதியை நீங்களே பாருங்கள்: பக்கவாட்டில் நான்கு இலக்கம், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். உள்பக்கம் பஞ்சர் ஒட்டியிருக்கிறதா என்பது ரிம்மிலிருந்து கழற்றாமல் தெரியாது.

பாயான் லெப்பாஸ்: பினாங்கிலிருந்து வருகிறேன். டொயோ ஆர்888ஆர் போட்டு அப்படியே ஓட்டி வந்து, டிராக்கில் ஓட்டி, அதிலேயே திரும்பலாமா?

செப்பாங் உங்களுக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஆர்888ஆர் 100 டிரெட்வேர் வகை. நான்குங் ஏஆர்-1 அதைவிடவும் மென்மை. இவற்றில் தண்ணீரை வெளியேற்றும் கோடுகள் குறைவு. நம் ஊரில் மதியம் மூன்று, நான்கு மணிக்குக் கொட்டும் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிராக்கில் தேய்ந்த செமி ஸ்லிக், தேங்கிய தண்ணீரில் 110இல் போனால் தண்ணீர்மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம். சட்டப்படி கோடுகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்றாலும், மழையில் நெடுஞ்சாலைக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நான் கிளம்புவதில்லை.

செமி ஸ்லிக்தான் வேண்டும் என்றால் தனி ரிம்மில் போட்டு, பின் சீட்டை மடக்கி ஏற்றி வாருங்கள். அது முடியாது என்றால் 200 வகையில் மழைக்கும் ஒத்துவருவதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கிள்ளான், மைவி: அகலமாகப் போட்டால் நல்லதா? எந்த டயர் என்று பெயர் சொல்லுங்கள் அண்ணே.

உங்கள் காரின் 185/55 ஆர்15 அளவில் ஸ்போர்ட் டயர்த் தேர்வு குறைவு. 195/50 ஆர்15 போனால் தேர்வு நிறைய. விட்டம் ஒன்றரை சதவீதம்தான் குறையும். அதற்கு மேல் அகலம் போனால் ரிம் அகலமும், முழுதாக ஒடிக்கும்போது ஃபெண்டர் உரசலும் பிரச்சினை. பாரக் குறியீட்டு எண் பழைய டயரைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் என்றால், இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பழகியவருக்கு யோகோஹாமா நியோவா. ஏடி08ஆர் கிடைத்தாலும் சரி, புதிய ஏடி09 கிடைத்தாலும் சரி. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர்எஸ் அதைவிட வேகம் தரும், ஆனால் சீக்கிரம் தேயும். தினமும் கிள்ளானிலிருந்து கேஎல் போய்வருகிற காருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். 17 அங்குல ரிம் உள்ள கார்களுக்கு மிச்சலின் பைலட் ஸ்போர்ட் 5. டிராக்கில் கொஞ்சம் மெதுவாகப் போவீர்கள், ஆனால் மழையில் அதன்மேல் எனக்கு முழு நம்பிக்கை.

ஷா ஆலம், ஒரு தகப்பனார்: என் மகன் எங்கள் சாகாவை டிராக்குக்குக் கொண்டுபோகக் கேட்கிறான். எத்தனை சுற்று ஓட்டலாம் என்று அவனுக்கு என்ன சொல்ல?

விடுங்கள் ஐயா, ரோட்டில் வேகம் காட்டுவதைவிட அங்கே ஓட்டுவது ஆயிரம் மடங்கு மேல். சாதாரணக் காருக்கு ஒரு சுற்று ஏறக்குறைய மூன்று நிமிடம். முதல் சுற்று மெதுவாக, பிறகு இரண்டு அல்லது மூன்று வேகமாக, கடைசிச் சுற்று பிரேக்கை அதிகம் தொடாமல் ஆறவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். டயரின் கீச்சொலி அடித்தொண்டைக்கு இறங்கினாலோ, அதே வளைவில் கார் முன்பைவிட வெளியே போனாலோ, சுற்று மிச்சமிருந்தாலும் வந்துவிட வேண்டும். உள்ளே வந்ததும் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைக்கட்டும். சக்கர நட்டுகளைச் சற்று ஆறிய பிறகு டார்க் ரெஞ்சில், கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். காப்புறுதிப் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள் ஐயா. டிராக்கில் நடப்பதற்கு சாதாரண பாலிசி பணம் தராது.